ஜவ்வாது மலையில் ஒரு கணக்குப் பாடம்

"மலைக்குப் போகிறோம்" என்று சொன்னால் போதும், வீட்டுக் குழந்தைகள் உடனே ஸ்வெட்டரைத் தேடக் கிளம்பிவிடும். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்ற மூன்றையும் விட்டால் நான்காவதாக ஒரு மலை உண்டு என்பதே நம்மில் பலருக்கு ஞாபகம் வருவதில்லை. இந்த வாரம் உங்களை நான் அழைத்துப் போகிற மலைக்கு ஸ்வெட்டர் அவ்வளவாக வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் மட்டும் கைப்பையில் இருக்கட்டும்.

நோட்டுப் புத்தகம் எதற்கு என்கிறீர்களா? சொல்கிறேன். நேயர்களே, உங்களில் எத்தனை பேர் வீட்டிலிருந்தபடியே ஏதோ ஒரு சின்ன வியாபாரம் செய்கிறீர்கள்! ஒருவர் வடாம் பிழிகிறார். ஒருவர் ஊறுகாய் போடுகிறார். இன்னொருவர் ரவிக்கை தைக்கிறார். மாடி வீட்டு மாமி சாம்பார்ப் பொடி இடித்து நாலு தெருவுக்கு அனுப்புகிறார். "வியாபாரம் எப்படி?" என்று கேட்டால், "ஏதோ நடக்கிறது" என்று பதில் வரும். "மாதம் எவ்வளவு மிஞ்சுகிறது?" என்று கேட்டுவிட்டாலோ, ஒரு சிரிப்புத்தான் பதில். அந்தச் சிரிப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் இந்தப் பிரயாணம்.

மலைக்கு வழி

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஒன்று. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஜில்லாக்களில் காலை நீட்டிப் படுத்திருக்கிறது. பெயரைக் கேட்டதும் மணக்கிறதல்லவா? பெயருக்கு ஏற்றபடி சந்தன மரத்துக்கும் பேர்போன மலைதான். வாணியம்பாடியில் ரயிலை விட்டு இறங்கினால், ஆலங்காயம் வழியாகப் பஸ்ஸில் ஏறிப் போகலாம். திருவண்ணாமலையிலிருந்து வருகிறவர்கள் போளூர் வழியாக மேலே ஏறலாம். இரண்டு வழியும் வளைந்து வளைந்து ஜமுனாமரத்தூரில் வந்து சேரும். அதுதான் மலைக்குத் தலைநகரம் மாதிரி. கடைவீதி, தாலுகா அலுவலகம், கோலப்பன் ஏரியில் படகு, சற்றுத் தள்ளிப் போனால் பீமன் அருவி எல்லாம் உண்டு. மழைக்காலம் முடிகிற சமயத்தில் போனால் அருவியில் தண்ணீர் இருக்கும். செய்யாறு பிறப்பதும் இந்த மலையில்தான்.

இங்கே வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் 'மலையாளி' என்ற பழங்குடியினர். கேரள தேசத்து மலையாளிகள் என்று நினைத்து அவர்களிடம் "சுகந்தன்னே?" என்று கேட்டு வைக்காதீர்கள்! இவர்கள் பேசுவது சுத்தமான தமிழ். மலையை ஆள்பவர்கள், ஆகவே மலையாளிகள். முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களுக்குள் வழங்கிவரும் பழங்கதை.

வழியோரத்தில் சாமை, தேன், புளி, பலாப்பழம், காலம் வந்தால் சீத்தாப்பழம் என்று விற்றுக்கொண்டிருப்பார்கள். வண்டியை நிறுத்தி நீங்கள் விலை கேட்பீர்கள். "அம்பது ரூவாம்மா" என்பாள் அந்தப் பெண். நம் வாய் சும்மா இருக்குமா? "நாப்பதுக்குக் கொடேன்!" என்போம். அவளும் கொடுத்துவிடுவாள். வண்டி கிளம்பிய பிறகு பத்து ரூபாய் மிச்சம் பிடித்த சந்தோஷம் நமக்கு. அந்தப் பத்து ரூபாய் யாருடைய கணக்கிலிருந்து போயிற்று? பழத்தின் விலையிலிருந்தா, அவள் அதைப் பறித்துத் தலையில் சுமந்து வந்த நேரத்திலிருந்தா? நோட்டுப் புத்தகத்தில் முதல் கேள்வியாக இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சாமை ஏன் சட்டியை விட்டுப் போயிற்று?

இந்த மலையின் பயிர் சாமை. மழையை நம்பி விதைப்பது. மூன்று, மூன்றரை மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும். மேட்டு நிலத்திலும் கல்லாங்காட்டிலும் விளையும். அதிகக் கவனிப்பும் கேட்காது. உமியோடு குதிரில் கொட்டி வைத்தால் வருஷக்கணக்கில் கெடாமல் கிடக்கும். இவ்வளவு சமர்த்தான தானியம், தான் பிறந்த மலையிலேயே அடுப்பிலிருந்து மெல்ல மெல்ல இறங்கிவிட்டது. ஏன்?

ரேஷன் அரிசி வந்ததுதான் காரணம் என்று சட்டென்று சொல்லிவிடலாம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. தமிழ்நாட்டில் 2008-ல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆயிற்று. 2011 ஜூன் முதல் இலவசமே ஆகிவிட்டது. ஆனால் இன்னொரு காரணம் உரலுக்குள்ளே ஒளிந்திருக்கிறது. சாமை மணி கடுகை விடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். அதன் மேல் வழவழப்பான உமி இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். அதைக் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, கல் பொறுக்கி, ஒரு வேளைச் சோற்றுக்குத் தேற்றுவதற்குள் பெண்களுக்கு இடுப்பு ஒடிந்துவிடும். இதில் ஆண்களுக்குப் பங்கு கிடையாது என்று நான் சொல்லியா உங்களுக்குத் தெரியவேண்டும்?

"சாமை விளைவிக்க என்ன செலவு?" என்று கேட்டால் விதை, உழவு, எரு, கூலி என்று வரிசையாகச் சொல்வார்கள். உலக்கை பிடித்த நேரம் அந்த வரிசையில் வராது. வீட்டுப் பெண் செய்கிற வேலைக்கு ஏது விலை? விலை இல்லாத வேலை என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அந்த வேலையைச் செய்தவளுக்கு மட்டும் அதன் விலை நன்றாகத் தெரிந்திருந்தது. குத்தாமலே உலையில் போடலாம் என்று அரிசி வந்ததும், உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டாள். அவளை யார் குறை சொல்ல முடியும்?

இதே சங்கதி நாமக்கல் ஜில்லாவில் உள்ள கொல்லிமலையிலும் நடந்தது. அங்கே எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து சிறுதானியங்களைக் காப்பாற்றும் வேலையில் இறங்கியது. நல்ல விதை, விற்பனை என்று எல்லாவற்றையும் பார்த்தவர்கள், ஒரு காரியத்தை முக்கியமாகச் செய்தார்கள். உமி நீக்கும் சிறு இயந்திரங்களைக் கிராமத்துக்குள்ளேயே கொண்டுவந்து, பெண்கள் குழுக்களின் பொறுப்பில் விட்டார்கள். எங்கே வலித்ததோ அங்கே மருந்து போட்டார்கள்.

ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. பட்டணத்தில் டாக்டர்களும் சாமையைச் சாப்பிடச் சொல்கிறார்கள். ஆகவே சாமைக்கு இப்போது கடைகளில் மரியாதை. ஜவ்வாது மலைக்கு அடிவாரத்து ஜில்லாவில், திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிறுதானியங்களுக்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. எல்லாம் நல்லதுதான். ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது: உமியோடு வருஷக்கணக்கில் இருக்கும் சாமை, உமி போனதும் சில மாதங்களில் சிக்கு வாடை அடிக்க ஆரம்பித்துவிடும், பூச்சியும் வரும். அரைத்தால் விலை ஏறும். ஆனால் சீக்கிரம் விற்றாக வேண்டும். ஆகவே 'எப்போது அரைப்பது, எவ்வளவு அரைப்பது' என்பதும் வியாபாரம்தான்.

புளியங்கொட்டை சொன்ன உண்மை

"பொருளை அப்படியே விற்காதே; பக்குவப்படுத்தி விற்றால் லாபம்" என்று இந்தக் காலத்தில் எல்லோரும் உபதேசிக்கிறார்கள். சாமைக்கு அது பொருந்தலாம். எல்லாவற்றுக்கும் பொருந்துமா? வாருங்கள், புளியைக் கேட்டுப் பார்ப்போம்.

2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம், காட்டில் கிடைக்கிற தேன், புளி போன்ற சிறு விளைபொருள்கள் மலைவாழ் மக்களுக்கே சொந்தம் என்று சொல்லிற்று. அவற்றின் விலை ஒரேயடியாகச் சரிந்துவிடாமல் இருக்க, 2013-14-ல் மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலைத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. 2020 மே மாதம் அந்த விலைகளைத் திருத்தி அறிவித்தார்கள். அந்தப் பட்டியலில் கொட்டையோடு கூடிய புளி கிலோ 36 ரூபாய். கொட்டை நீக்கிய புளி 63 ரூபாய். இது சந்தை விலை அல்ல. இதற்குக் கீழே போகக் கூடாது என்று கட்டிய கரை.

36 எங்கே, 63 எங்கே! இலக்கத்தைத் திருப்பிப் போட்டாற்போல் இருக்கிறது. கொட்டையை எடுத்தால் கிலோவுக்கு 27 ரூபாய் கூட வருகிறதே என்று தோன்றுகிறதல்லவா? பென்சிலை எடுங்கள்.

பத்துக் கிலோ புளியை ஓடு நீக்கிக் கொட்டையோடு விற்றால் 360 ரூபாய். அதையே கொட்டை எடுத்தால், உத்தேசமாக ஆறு கிலோ சதை தேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு பெருக்கல் 63, ஆக 378 ரூபாய். அதிகப்படி வந்தது 18 ரூபாய்! பத்துக் கிலோ புளியைக் கல்லின் மேல் வைத்துத் தட்டித் தட்டி, கொட்டையும் நாரும் எடுத்து, விரலெல்லாம் புளித்துப் போனதற்குக் கூலி அவ்வளவுதான். சதை ஐந்தரைக் கிலோதான் தேறிற்று என்றால் வரும்படி 346 ரூபாய் 50 காசு. அதாவது, வேலையும் செய்து கையிலிருந்தும் கொடுத்தாயிற்று! ஆறரைக் கிலோ தேறினால் மட்டும் 409 ரூபாய் 50 காசு. ஏதோ கொஞ்சம் மிஞ்சுகிறது.

ஆனால் அவசரப்படாதீர்கள். மூலையில் குவிந்து கிடக்கிறதே நாலு கிலோ கொட்டை, அதை மறந்துவிட்டோமே! புளியங்கொட்டை மாவு நெசவாலைகளில் நூலுக்குக் கஞ்சி போடுவதற்கு உதவுகிறது. துணியில் சாயம் அச்சிடுவதற்கும் அது வேண்டியிருக்கிறது. கொட்டைக்கு ஆள் வந்தால் கணக்கே மாறிவிடும். ஆக, லாபம் சதையில் இருக்கிறது என்று நாம் நினைத்தோம். அது குப்பை என்று ஒதுக்கிய கொட்டையில் இருந்தாலும் இருக்கலாம். எடை போட்டுப் பார்க்காதவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

விலையை யார் சொல்வது?

மரத்தில் பூ இருக்கும்போதே முன்பணம் கொடுத்துவிட்டுப் போகிற வியாபாரிகள் மலைப் பக்கத்தில் எங்கும் உண்டு. கல்யாணமோ, காய்ச்சலோ, பள்ளிக்கூடச் செலவோ, அவசரத்துக்குப் பணம் வேண்டியிருக்கிறது. கை நீட்டி வாங்கியாகிவிட்டது. காய் பழுத்ததும் விலை சொல்கிற வாய் அவருடையது. தராசும் அவருடையது. இதைக் கேட்டு "ஐயோ பாவம்" என்று சொல்லுமுன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். தெருமுனைக் கடைக்காரரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, அவர் சொன்ன விலைக்கு ஊறுகாய் போட்டுக் கொடுக்கிற நம் வீட்டுப் பெண்ணின் நிலைமை வேறா?

இந்தக் கட்டை அவிழ்க்க ஒருவரால் முடியாது. பத்துப் பேர் சேர்ந்தால் முடியும். பக்கத்துத் தருமபுரி ஜில்லாவில் 1989-ல் தமிழ்நாடு அரசு சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு பெண்களுக்குச் சுயஉதவிக் குழுக்களை ஆரம்பித்தது. இன்று தமிழகமெங்கும் பரவியிருக்கும் குழுக்களுக்கு அதுதான் விதை.  அந்தக் குழுக்களில் நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதுவதும் ஒரு முக்கியமான வேலை.

அடுத்து, 2002-ம் வருஷத்தில் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி, 'உற்பத்தியாளர் நிறுவனம்' என்ற புது வகையைச் சேர்த்தார்கள். பத்து உழவர்கள் சேர்ந்தாலும் ஆரம்பிக்கலாம். பங்கு எவ்வளவு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டுத்தான். ஜமுனாமரத்தூரிலும் மலை உழவர்களே பங்குதாரர்களாகச் சேர்ந்த அப்படிப்பட்ட நிறுவனம் ஒன்று சாமை முதலிய மலைப் பொருள்களை விற்கிறது. மலைக்குப் போகிறவர்கள் அங்கே வாங்கலாம். விலை ஒட்டியிருக்கும், பேரம் பேச வேண்டிய சிரமம் நமக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை.

இரவுக்கு ஓரிடம், பகலுக்கு ஓரிடம்

இறங்கும்போது ஆலங்காயம் வழியாக வாருங்கள். காட்டுக்கு நடுவில் வெள்ளைக் கும்மட்டங்கள் தெரியும். அதுதான் காவலூர் வானிலை... இல்லை, இல்லை, வானாராய்ச்சி நிலையம்! மழை வருமா என்று அங்கே கேட்காதீர்கள். நட்சத்திரம் பார்க்கிற இடம் அது.

அந்த நிலையம் வந்த கதை வியாபாரிகளுக்கும் உதவும். கொடைக்கானலில் 1901-லிருந்து சூரியனை ஆராய்ந்து வந்தார்கள். உலகத்தில் நல்ல பெயர். 1960-ல் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்த டாக்டர் வைணு பாப்பு, அந்தப் பெயரோடு திருப்தியடைந்துவிடவில்லை. பகலில் சூரியனைப் பார்ப்பதற்குக் கொடைக்கானல் சரி. இரவில் நட்சத்திரம் பார்ப்பதற்கும் அதுதான் சரியான இடமா என்று கேட்டார். இடம் தேடி அலைந்து, ஜவ்வாது மலைக் காவலூரைப் பிடித்தார். பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் தெற்கு வானமும் நன்றாகத் தெரியும். ஊர் விளக்குகளின் தொந்தரவும் இல்லை. 1960-களின் கடைசியில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றை வைத்து ஆரம்பித்தார்கள். 1982-ல் அவர் காலமானார். 1986-ல் இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கி அங்கே திறக்கப்பட்டது. நிலையத்துக்கும் அவர் பெயரையே வைத்தார்கள்.

கவனித்தீர்களா? கொடைக்கானலை அவர் மூடிவிடவில்லை. சூரியன் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டு, நட்சத்திரத்துக்கு மட்டும் வேறிடம் பார்த்தார். தொழிலைப் புதிதாகப் பார்ப்பதென்றால் பழையதைத் தூக்கிப் போடுவது என்று அர்த்தமில்லை. எது எங்கே, எப்போது பொருந்தும் என்று பிரித்துப் பார்ப்பதுதான்.

இனி உங்கள் நோட்டு

மலையை விட்டு இறங்கிவிட்டோம். நோட்டைப் பிரியுங்கள். ஒரு வீட்டை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். அந்த வீட்டுப் பெண் வடாம் போட்டு விற்கிறாள். இடையிடையே தெரிந்தவர்களுக்கு ரவிக்கை தைத்தும் கொடுக்கிறாள். "என் தொழில் வடாம், தையல் சும்மா பொழுதுபோக்கு" என்பது அவள் அபிப்பிராயம்.

மூன்று கிலோ வடாம். அரிசி, ஜவ்வரிசி, மிளகாய், காஸ் எல்லாம் சேர்ந்து 360 ரூபாய். விற்றது 900 ரூபாய். "540 ரூபாய் லாபம்!" என்கிறாள். கடைக்குக் கொண்டுபோன ஆட்டோவுக்கு 100, உறைகளுக்கு 60 போனால் மிச்சம் 380. கூழ் கிளறி, பிழிந்து, காக்கை ஓட்டி, புரட்டிப் போட்டு, உறையில் கட்டியது வரை பன்னிரண்டு மணி நேரம். ஆக, மணிக்கு 32 ரூபாய்க்கும் குறைவு. ரவிக்கையோ, ஒன்றுக்கு 250 ரூபாய் கூலி. நூல், கொக்கி 20 ரூபாய். இரண்டரை மணி நேரம். மணிக்கு 92 ரூபாய்! எது தொழில், எது பொழுதுபோக்கு?

இந்த இடத்தில் மாமியார் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்.

"நாலு வடாத்துக்கு இத்தனை கணக்காடி? வீட்டு வேலையைக்கூடவா மணி பார்த்துச் செய்வா?"

"வீட்டுக்குப் பண்றதுக்கு மணி பார்க்கலை, அம்மா. விக்கறதுக்குப் பார்க்கறேன்."

"அப்போ வடாத்தை நிறுத்திடப் போறியா?"

"நிறுத்துவானேன்? வெயில் காலத்திலே மட்டும் போடறேன். ஆட்டோவிலே போகாம, வீட்டிலேயே வந்து வாங்கிக்கச் சொல்றேன். அப்புறம், விலையிலே என் நேரத்தையும் சேர்க்கப் போறேன்."

மாமியார் சற்று யோசித்துவிட்டு, "காக்கா ஓட்டினது நான். என் மணியையும் எழுது!" என்றால், எழுதத்தான் வேண்டும். அதுதான் நியாயமான கணக்கு.

நீங்களும் ஒரே ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். வாங்கியது, விற்றது, போக்குவரத்து, உறை, வீணானது, கடன் நின்றது. எல்லாவற்றுக்கும் கடைசியில், வழக்கமாக யாரும் எழுதாத ஒரு பத்தி: உங்கள் நேரம். மாத முடிவில் அந்தப் பத்தி எதைக் குத்தச் சொல்கிறதோ அதைக் குத்துங்கள். எதை இயந்திரத்துக்கு விடச் சொல்கிறதோ அதை விட்டுவிடுங்கள். விலையை உயர்த்தச் சொன்னால், தயங்காமல் உயர்த்துங்கள். உங்கள் வடாம் பிடித்தவர்கள் பத்து ரூபாய்க்காக உங்களை விட்டுப் போய்விட மாட்டார்கள்.

ஜவ்வாது மலைக்குக் குடும்பத்தோடு ஒரு தடவை போய் வாருங்கள். காவலூர் நிலையத்தைப் பார்க்க எந்த நாள், எந்த நேரம் அனுமதி என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். மாலை நேரத்தில் மலை குளிரும்; குழந்தைகளுக்கு ஒரு துண்டாவது எடுத்துக்கொள்ளுங்கள். வழியோரத்தில் புளி விற்கிற பெண்ணிடம் விலை கேட்கும்போது, பேரம் பேசுமுன் அதில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று மனத்துக்குள் ஒரு கணக்குப் போடுங்கள். அப்படிப் போடத் தெரிந்துவிட்டால், நாளைக்கு உங்கள் வாசலில் ஒருவர் பேரம் பேசும்போது என்ன பதில் சொல்லவேண்டும் என்பதும் உங்களுக்குத் தானே தெரிந்துவிடும்.